கொக்குக் கழுத்துக் குழாய்

மார்ச் 4, செவ்வாய்

ஐசியுவில் ஆறு வாஷ்பேசினுக்கும் புதுக் குழாய் போட்டு முடித்தாயிற்று. நிமிர்ந்து மேலே போய், வளைந்து, கீழே இறங்கும் நீளக் கழுத்து ரகம். பெட்டியின் மேல் வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. வார்டில் அரை நாளுக்குள் அதைக் 'கொக்கு' என்று ஆக்கிவிட்டார்கள்.

பழைய குழாய்கள் குட்டை. கையை நீட்டினால் விரல் முட்டி பேசினில் இடிக்கும். தண்ணீர் கையில் பட்டுத் தரையெல்லாம் தெறிக்கும். உடனே பெரிய சிஸ்டர் எனக்குப் போன் போடுவார். பெரிய சிஸ்டர் என்றால் ஐசியுவின் தலைமை நர்ஸ். ஆள் என் தோளுக்குத்தான் வருவார், குரல் மட்டும் மூன்று மாடிக்குக் கேட்கும். இனி அந்தத் தொல்லை இல்லை. கொக்குக்கு அடியில் முழங்கை வரை தாராளமாகக் கழுவலாம். நான் அதோடு விட்டேனா? ஒவ்வொரு குழாயின் வாயிலிருந்தும் நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, தண்ணீர் நூல் பிடித்தாற்போல் வடிகால் ஓட்டைக்குள்ளேயே விழும்படி பொருத்தினேன். பேசினிலும் தேங்காது, தரையும் நனையாது.

பெரிய சிஸ்டர் ஒன்றைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அண்ணே, இது குழாய் இல்ல, நகை."

பதினோரு வருடத்தில் அந்த வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. இதை வேலைப் பதிவேட்டில் எழுத முடியாது. 'முடிந்தது' என்று ஒரு வார்த்தை போதும், கதை எழுதாதே என்று சூப்பர்வைசர் போன மாதமே சொல்லிவிட்டார். அதனால்தான் கதையெல்லாம் இந்த நோட்டுக்கு வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

வேலை எதுவும் இல்லாமலே ஐசியு பக்கம் இரண்டு தடவை போய் வந்தேன். குழாயைப் பார்க்கத்தான். வெட்கமாக இல்லையா என்றால், இல்லை.

மார்ச் 12, புதன்

காலையில் அக்கா போன். மாமாவுக்கு இரண்டு நாளாக வயிற்றுவலியாம். இன்று சுருண்டு படுத்துவிட்டாராம்.

"ரெண்டு நாளா என்ன பண்ணீங்க?" என்றேன்.

"டப்பா இருக்குல்ல" என்றாள்.

அந்த டப்பா எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். மாமா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எந்த டாக்டர் எத்தனை நாளைக்கு மாத்திரை கொடுத்தாலும் மூன்று நாள்தான் சாப்பிடுவார். உடம்பு தேறியதும் மீதியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். அடுத்த தடவை வீட்டில் யார் தும்மினாலும் டப்பா திறக்கும். வெள்ளை மாத்திரை காய்ச்சலுக்கு, கலர் மாத்திரை மற்ற எல்லாவற்றுக்கும். இதுதான் அவருடைய வைத்திய சாஸ்திரம். இந்தத் தடவை கலர் மாத்திரை இரண்டு நாள் ஓடியிருக்கிறது. அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது.

எங்கள் மருத்துவமனைக்கே கொண்டு வரச் சொன்னேன். ஆபரேஷன் இரண்டு மணி நேரம். வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்ததால் ஐசியுவில் வைத்திருக்கிறார்கள். பெரிய சிஸ்டரிடம் ஒரு சலுகை கேட்டேன். மூன்றாம் நம்பர் பெட். ஜன்னல் உண்டு, தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே வாஷ்பேசின். நர்ஸ்கள் கை கழுவ வந்துகொண்டே இருப்பார்கள், மாமா மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும் என்று நினைத்தேன். "உங்களுக்கு இல்லாததா அண்ணே" என்று கொடுத்துவிட்டார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இங்க இருக்கறது எவ்வளவு தெம்பா இருக்கு தெரியுமா" என்றாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

மாமா கண் விழித்துப் பேசுகிறார். பேசுகிறார் என்றால், நிறுத்தவே இல்லை.

"மாப்ள, இந்தக் குழாய் நீ போட்டதாமே?"

"ஆமா மாமா."

"எவ்வளவு ஊத்தினாலும் சத்தமே வரல. அந்தக் காலத்துல உங்க வீட்டுல எனக்கும் இந்த மாதிரி சத்தமில்லாத ஒண்ணாப் பார்த்துக் கட்டி வெச்சிருக்கலாம்."

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். "மூக்குல குழாய், வயித்துல குழாய். இன்னும் வாய் மட்டும் அடங்கல பாரு" என்று போர்வையை இழுத்துவிட்டாள். அவள் சிரித்தது இரண்டு நாளில் முதல் தடவை.

மார்ச் 17, திங்கள்

மாமாவுக்கு மறுபடி காய்ச்சல். தையல் போட்ட இடம் சிவந்து நீர் வடிகிறது. ஐந்தாம் பெட்டில் இருக்கும் தையல்கார அம்மாவுக்கும் இதே மாதிரி. மருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு பேரிடமிருந்தும் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மாமா இன்று என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 19, புதன்

அக்கா காலையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ரிசல்ட் காகிதத்தில் 'கிராம் நெகட்டிவ்' என்று போட்டிருக்கிறதாம். "ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சுடா!" நானும் நம்பினேன். இரண்டு பேரும் கேன்டீனில் டீ குடித்துக் கொண்டாடினோம். பெரிய சிஸ்டர்தான் வந்து விளக்கினார். அது கிருமியின் வகையாம். இருக்கிறதில் பொல்லாத வகையாம். அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டாள்.

மதியம் கிருமி டாக்டர் எங்கள் பராமரிப்பு அறைக்கே வந்தார். லேபில் இருக்கும் பெண் டாக்டர். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரியே நடப்பார். நோயாளி யாரும் அவரைப் பார்த்ததில்லை, கிருமிகள் மட்டும்தான் பார்த்திருக்கின்றன என்று வார்டில் சொல்வார்கள்.

"அண்ணா, மூணாம் பெட் பேசினுக்கு அடியில இருக்கற வளைஞ்ச பைப்பைக் கழட்டித் தர முடியுமா?"

அதை நாங்கள் டிராப் என்போம். அதன் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கும். கழற்றினேன். உள்சுவர் முழுக்க நகக் கனத்துக்கு வழவழப்பு. டாக்டர் பஞ்சுக் குச்சியை விட்டு அதை எடுத்த ஆசையைப் பார்க்க வேண்டுமே, பாயசத்தை வழித்தாற்போல் இருந்தது.

பிறகு நர்ஸ்களைப் பார்த்து, "இந்த பேசின்ல என்னெல்லாம் ஊத்துவீங்க?" என்று கேட்டார்.

"கை மட்டும்தான் கழுவுவோம் டாக்டர்" என்று ஒரு குரல். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பெரிய சிஸ்டருக்குப் பொய் வராது. "டிரிப்ல மிஞ்சற மருந்து, ஊசியில மிஞ்சறது, பேஷன்ட் வேண்டாம்னு வெச்ச பால், ஜூஸ். அப்புறம் எங்க டீ" என்று விரல் விட்டுச் சொன்னார்.

"நல்ல விருந்துதான்" என்றார் டாக்டர்.

மார்ச் 21, வெள்ளி

கிருமி டாக்டர் லேபுக்கு வரச் சொன்னார். டிராப்பில் எடுத்ததும் மாமாவின் வயிற்றில் எடுத்ததும் ஒரே கிருமிதான் என்கிறார். மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ரோஸ் நிறத்தில் குருணை இறைத்தாற்போல் இருந்தது. முதலில் ஊதாச் சாயம் ஏற்றுவார்களாம். பிறகு ஆல்கஹால் விட்டுக் கழுவுவார்களாம். ஊதா தங்கினால் பாசிட்டிவ். ஊதா போய், அடுத்து விடும் ரோஸ் ஏறிக்கொண்டால் நெகட்டிவ். அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் நானும் அக்காவும் டீ குடித்தோம்.

அப்புறம் ஒரு வட்டத் தட்டு. அதில் மாமாவின் கிருமியைப் பூசி, மருந்தில் ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை மேலே வைத்திருந்தார். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகக் காலி இடம் விழும். பன்னிரண்டு வில்லைகள். ஒன்றைச் சுற்றியும் காலி இடம் இல்லை. வில்லையை முட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

"எப்படி டாக்டரம்மா?" என்றேன்.

"இதுக்கு ரெண்டு சுவர் அண்ணா. வெளிச்சுவர்ல குட்டிக் குட்டிக் குழாய் இருக்கு. சாப்பாடு அது வழியாத்தான் உள்ள போகும். மருந்தும் அப்படித்தான். இதுங்க அந்தக் குழாயை அடைச்சுக்கிச்சு."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"கொஞ்சம் பட்டினி கிடக்கும். செத்துப்போறதுக்கு அது பரவாயில்லையே."

"அதையும் மீறி மருந்து உள்ள போயிட்டா?"

"பம்ப் வெச்சிருக்கு. உள்ள வந்த மருந்தை அப்படியே வெளிய இறைச்சுடும். அதையும் மீறினா வெட்டிப் போட கத்திரி வெச்சிருக்கு. இந்த வித்தையெல்லாம் ஒண்ணு கத்துக்கிட்டா போதும், பக்கத்துல இருக்கற வேற கிருமிக்கும் எழுதிக் கொடுத்துடும்."

"பம்ப் எத்தனை ஹெச்.பி. டாக்டரம்மா?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் நான் நிஜமாகவேதான் கேட்டேன். முப்பது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத இடத்தில் அடைப்பும் போட்டு, பம்பும் வைத்து, ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாமல் வேலை செய்திருக்கிறது. தொழில்காரனாக எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

டாக்டர் டிராப்பின் படம் ஒன்றை வரைந்து வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்தார். "மிச்ச மருந்து கொஞ்சம் கொஞ்சமா விழுந்து விழுந்து, இதுங்க அங்க நல்லா பழகிடுச்சு. அது புரியுது. ஆனா கீழ பைப்புக்குள்ள இருக்கறது எப்படி அண்ணா மேல பெட்டுக்கு வரும்? தண்ணி கீழதானே போகுது? அதுதான் எனக்குப் பிடிபடல."

எனக்குப் பிடிபட்டது. அவர் கேட்டு முடிப்பதற்குள் பிடிபட்டது.

குட்டைக் குழாய் இருந்தவரைக்கும் தண்ணீர் பேசினின் சரிவில் விழுந்து வழிந்து போனது. இப்போது ஓர் அடி உயரத்திலிருந்து நேராக ஓட்டைக்குள் விழுகிறது. ஓட்டைக்குள் நிற்கிற தண்ணியை அடிச்சா அது எங்க போகும்? மேலதான் வரும். இது கூடவா தெரியாது எனக்கு? தூக்குக்குண்டு கட்டி இல்ல போட்டேன், ஒரு நூல் கூடப் பிசகாம! அந்த பெட்டையும் நானே கேட்டு வாங்கினேனே — நானே போய்க் கேட்டேனே.

டாக்டரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

ஒருவேளை நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. காலையில் கடை திறந்ததும் கேக்குக்குப் போடும் பச்சைக் கலர் ஒரு புட்டி வாங்கினேன். ஆறாம் பெட் காலி. ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லித் திரையை இழுத்துக்கொண்டேன். பச்சையை ஓட்டைக்குள் ஊற்றினேன். சூப்பர்வைசர் மேஜையிலிருந்து எடுத்த வெள்ளைக் காகிதங்களைச் சுற்றிலும் விரித்தேன். தரையில், பெட்டின் ஓரத்தில், நர்ஸ்கள் ஊசி மருந்து கலக்கும் பலகையில். குழாயை ஒரு நிமிடம் திறந்து மூடினேன்.

கண்ணுக்கு எதுவுமே தெறிக்கவில்லை. பேசின் பளபளவென்று இருந்தது. மனசுக்குள் ஓர் ஆட்டமே போட்டேன்.

காகிதத்தைக் குனிந்து பார்த்தேன். பலகைமேல் இருந்ததில் பச்சைப் புள்ளிகள் நாற்பத்தொன்று வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. பெட்டின் ஓரத்தில் ஏழு.

காகிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பம்ப் ரூமில் போய் உட்கார்ந்தேன். குப்பையில் போட்டால் தீர்ந்தது. டாக்டருக்குக் குழாய் தெரியாது, எனக்குக் கிருமி தெரியாது, யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேலே ஆறு பெட். ஐந்தில் ஆள் இருக்கிறது. ஆறு குழாயும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எழுந்து லேபுக்குப் போனேன்.

டாக்டர் காகிதங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அண்ணா! ரெண்டு நாளா இதைத்தானே தேடிட்டு இருக்கேன்!" பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சந்தோஷம்.

"டாக்டரம்மா, அது நான் போட்ட குழாய்."

அவர் உட்கார்ந்தார். 

"குழாய் கொண்டுவந்து விட்டுச்சு, சரி. அதுக்குச் சோறு போட்டு, மருந்து குடுத்து வளர்த்தது நாங்க எல்லாரும்தான். முதல்ல அந்தக் குழாய்களை மூடலாம் வாங்க."

பத்து நிமிடத்தில் ஆறும் மூடியாயிற்று. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதைப் பதிவேட்டுல எழுதிடாதப்பா" என்றார். முழுப் பக்கம் எழுதி, பச்சைப் புள்ளி விழுந்த காகிதம் ஒன்றையும் ஒட்டி வைத்தேன். கதை எழுதாதே என்றுதானே சொல்லியிருக்கிறார். இது நடந்தது.

மார்ச் 23, ஞாயிறு

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று காலையெல்லாம் வீட்டுக்குள் நடந்தேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "சொல்லிடுங்க. பொய்யை மறைக்கிற முகமா உங்களுது? சர்க்கரை டப்பாவைத் திறந்தாலே காது சிவக்குது" என்றாள்.

சொன்னேன். ஐசியு வாசலில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, ஆதியோடு அந்தமாக.  முடித்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த பெட் நீ கேட்டு வாங்கினது இல்ல?"

"ஆமாக்கா."

எழுந்து பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு நாலு வயசுல இருந்து அவ பக்கத்துலதான் நான் உக்காந்திருக்கேன்.

மார்ச் 24, திங்கள்

பன்னிரண்டு மருந்தும் கேட்காததால், முன்பு எப்போதோ ஒதுக்கி வைத்த பழைய மருந்து ஒன்றைப் போன வாரமே மாமாவுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். காத்திருக்க நேரம் இல்லையாம். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்குமாம். கிருமி அதற்காவது மசியுமா என்று வில்லை வைத்துச் சொல்ல முடியாது, வேறு மாதிரி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இன்று பத்து மணிக்குத் தெரியும் என்றிருந்தார். ஒன்பதரைக்கே லேப் வாசலில் நின்றேன்.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகக் குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கிருமியும் மருந்தும். ஒரு பக்கம் மருந்து அதிகம், போகப் போகப் பாதி பாதியாகக் குறையும். குழி கலங்கியிருந்தால் கிருமி ஜெயித்தது. தெளிந்திருந்தால் மருந்து ஜெயித்தது.

டாக்டர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன். கடைசி மூன்று குழிகள் கலங்கல். அதற்கு முன்னால் இருந்த அத்தனையும் தெளிவு.

"ரொம்பக் கொஞ்சமா மருந்து இருக்கற குழியில மட்டும்தான் வளர்ந்திருக்கு. கேக்குது அண்ணா. உங்க மாமாவுக்கு மருந்து கேக்குது."

ஆயுள் பூராவும் தண்ணீர் தெளிந்து வருகிறதா என்று பார்க்கிற பிழைப்பு எனக்கு. இவ்வளவு அழகான தண்ணீரைப் பார்த்ததில்லை. டாக்டரம்மா முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் மேஜையில் தேடித் தேடி, கடைசியில் லேபில் துடைக்கிற காகிதத்தையே எடுத்துக் கொடுத்தார். சொரசொரவென்று இருந்தது.

அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த என் மனைவியிடம் திரும்பி, "கிட்னிக்கு என்ன சொன்னாங்கன்னு கேளு" என்றாள். இரண்டடி தள்ளி நான் நிற்கிறேன்.

மார்ச் 26, புதன்

ஆறு கொக்கும் இறங்கியாயிற்று. டிராப்புகளையும் வடிகால் பைப்பையும் மொத்தமாக மாற்றினேன். இந்தத் தடவை தூக்குக்குண்டை எதிர்க்கட்சிக்கு வேலை செய்ய வைத்தேன். தண்ணீர் ஓட்டையில் விழவே கூடாது, பேசினின் சரிவில் விழுந்து சாவகாசமாக வழிந்து போக வேண்டும். அதற்கேற்ற குட்டைக் குழாய், வேகமும் பாதி. பேசினுக்கும் பெட்டுக்கும் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு தடுப்பு. மருந்து கலக்கும் பலகை அறையின் அந்தப் பக்கம் போய்விட்டது. ஒவ்வொரு பேசினிலும் பச்சைக் கலர் ஊற்றி, காகிதம் விரித்து, கிருமி டாக்டர் தரையில் தவழ்ந்து தவழ்ந்து தேடினார். ஒரு புள்ளி இல்லை.

மிச்ச மருந்தும் டீயும் ஊற்ற வெளியே தனித் தொட்டி. பேசின்களுக்கு மேல் 'இங்கே கை மட்டும்' என்று போர்டு மாட்டினேன். மாலைக்குள் யாரோ அடியில் 'டீ குடித்துவிட்டு வந்த கையும்' என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

பெரிய சிஸ்டர் திறந்து பார்த்தார். விரல் முட்டி பேசினில் இடித்தது. தண்ணீர் கையில் பட்டுத் தரையில் தெறித்தது.

"நகை போச்சு" என்றார்.

"ஆமா சிஸ்டர்."

"போகட்டும். நாங்க ஒழுங்கா இருந்திருந்தா உங்க நகைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது." மாப் எடுக்கத் தானே போனார்.

மார்ச் 29, சனி

காய்ச்சல் இறங்குகிறது. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ஏறுகிறது. ஒன்றைப் பார்த்துச் சிரிப்பதா, மற்றதைப் பார்த்துப் பயப்படுவதா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கிரியாட்டினின் ஏறுவது நின்றுவிட்டது! நேற்றும் இன்றும் ஒரே நம்பர். தையல்கார அம்மாவுக்கும் காய்ச்சல் போய்விட்டது. ஐசியு திரைத்துணி எல்லாம் ஓரம் பிரிந்து கிடக்கிறது என்று நர்ஸ்களிடம் குறை சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பெரிய சிஸ்டர் ஊசியும் நூலும் கொடுத்து உட்கார வைத்துவிட்டாராம்.

ஏப்ரல் 5, சனி

மாமாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். எட்டு கிலோ குறைந்திருக்கிறார், வாய் மட்டும் பழைய எடை. அக்கா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன். குழாய், பெட், பச்சைப் புள்ளி, எல்லாம்.

மாமா கூரையைப் பார்த்தபடி கேட்டார். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. தையலைக் கையால் அழுத்திக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதடா, வலிக்குது" என்றார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீ என்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கறேன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு சுத்திவளைச்சு வருவேன்னு நினைக்கல."

"மாமா, விளையாடாதீங்க. நிஜமாவே என்னாலதான்."

"வேணும்னேவா பண்ணே?"

"சேச்சே."

"அப்ப விடு. மூணு மூணு நாளா மாத்திரை தின்னு நிறுத்தி, ரெண்டு நாள் வலியை மூடி மறைச்சு, குடல்வாலை வெடிக்க விட்டவன் நான். என்னை யாராவது கேட்டீங்களா? ஆனா ஒண்ணு. இனிமே சீட்டாட்டத்துல நீ என்னைக் கள்ளாட்டம்னு சொல்லக்கூடாது. ஆயுசுக்கும்."

ஒத்துக்கொண்டேன். என்ன செய்ய?

டப்பா சமாசாரம் இதற்குள் கிருமி டாக்டர் காதுக்கும் போயிருந்தது. சாயங்காலம் அவரே நேரில் வந்துவிட்டார். அக்கா டப்பாவை வீட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தாள். திறந்து பார்த்துவிட்டு, "அரைகுறை மருந்தைக் கொடுத்து உள்ள இருக்கற கிருமிக்கு நீங்களே பயிற்சி கொடுத்திருக்கீங்க" என்றார். மாமா டிரைவிங் லைசென்ஸைப் பறிகொடுத்த மாதிரி விழித்தார். டாக்டர் டப்பாவோடு போன பிறகு, "பிஸ்கட் டப்பாவையாவது திருப்பித் தருவாங்களா?" என்று கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மாமா வீட்டுக்குப் போனார். அக்கா பெரிய சிஸ்டரைக் கட்டிக்கொண்டாள். கிருமி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். தரை துடைப்பவரிடம், லிப்ட்காரரிடம், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மாமாவின் பையை நான்தான் வண்டி வரை தூக்கிப் போனேன். பையை என்னிடமிருந்து வாங்கும்போதும் பையைத்தான் பார்த்தாள்.

வண்டி கிளம்பும்போது மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கோவம் இல்ல மாப்ள. ரொம்பப் பயந்துட்டா. இறங்க நாளாகும்" என்றார். அக்கா அவர் தலையைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், குட்டு வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் இதற்குத் தேவலை.

ஏப்ரல் 23, புதன்

குழாய் மாற்றி நான்கு வாரம். ஐசியுவில் அந்தக் கிருமி புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. கிருமி டாக்டர் டிராப்பில் வாரா வாரம் குச்சி விட்டுப் பார்க்கிறார். "அது போயிடுச்சுன்னு நினைக்காதீங்க அண்ணா, வடிகால்ல எப்படியும் மறுபடி வரும். மேல வராம பார்த்துக்கறதுதான் நம்ம வேலை" என்கிறார். 'நம்ம' வேலையாம். எனக்கு லேபில் தனி நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று கேன்டீனில் புரளி.

இன்னும் இரண்டு மாடியில் கொக்கு போடச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. சூப்பர்வைசர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "உன் பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டித்தான் இதை ரத்து பண்ணினேன்" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த மாதிரி ஏதாவது இருந்தா எழுது" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். இதையெல்லாம் முன்பு அக்காவிடம்தான் முதலில் சொல்வேன். போனை எடுத்து எடுத்து வைத்தேன்.

மே 6, செவ்வாய்

மதியம் போன் அடித்தது. அக்கா. ஆறு வாரத்துக்குப் பிறகு. எப்படி இருக்கே என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

"கிச்சன் குழாய் ஒழுகுது. வேலை முடிஞ்சு வா."

"சரிக்கா."

வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்குப் பையோடு போய் நின்றேன். மாமா வேன் எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கொண்டுவிடப் போயிருந்தார். இந்த வாரம்தான் மறுபடி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். அக்கா கிச்சனைக் காட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

குழாயை இறுக மூடி, வாய்க்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு கீழே குனிந்து பைப்பைத் தடவினேன். இணைப்பைத் தடவினேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு முழு நிமிடம் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

"ஒழுகுதா?" என்றாள், திரும்பாமல்.

"ஆமாக்கா. நல்லா ஒழுகுது."

பழைய வாஷர் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். இரண்டு நிமிட வேலை. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது எட்டரை ஆகியிருந்தது.